பொறியும் பொறுப்பும்

பொறி என்னும் ஒரு சொல்லுக்குத் தமிழிற் பொருள் பல. இயந்திரமும் பொறியே, மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் ஐந்தும் பொறியே, எலியைப் பிடிக்கும் கூடும் பொறியே. இவற்றுள் முதற்பொருளைக் கொண்டே நாம் இன்று பொறியியல் என்றும் பொறியாளர் என்றும் வழங்குகின்றோம். ஆயினும் இனி வருங் காலத்தில் பொறியாளர் தம் தொழிலில் நிலைபெற வேண்டுமாயின், இயந்திரப் பொறியினும் தம் ஐம்பொறிகளையே அவர் மிகுதியும் பேண வேண்டும் என்பதும், பேணாவிடின் இயந்திரமே அவருக்கும் நாட்டுக்கும் எலிப்பொறியாய் முடியும் என்பதுமே இக்கட்டுரையின் கருத்தாம்.

தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் பயிலும் ஒருவருக்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். கடலூரையும் சிதம்பரத்தையும் அறிந்தோர் நகையார். கொள்ளிடத்து நீர் வாய்க்கால் வழியே வயலை அடைவது பொறியாளர் கையால். நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி மின்சாரமாவது அவர் கையால். கடலூர்ச் சிப்காட் ஆலைகளின் புகை வானில் எழுவதும் அவர் கையால். பொறியாளர் செய்யும் நன்மைக்கும் பிழைக்கும் உட்படாத குடும்பம் இம்மாவட்டத்தில் ஒன்றேனும் உண்டோ? அன்றியும், சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில் 1929-ஆம் ஆண்டில் தோன்றிய பல்கலைக்கழகம் தமிழுக்கும் தமிழிசைக்கும் பேர்பெற்றது. அங்கேயே 1945-ஆம் ஆண்டில் பொறியியற் கல்வியும் தொடங்கிற்று. பா. வே. மாணிக்க நாயக்கர் (1871–1931) பொதுப்பணித் துறையில் பொறியாளராயிருந்து கொண்டே தமிழ் எழுத்தையும் ஒலியையும் ஆராய்ந்தவர். ஆகவே தமிழுக்கும் பொறிக்கும் இடையே வேலி கட்டுவது நம் முன்னோர் வழக்கமன்று.

முதற்கண் பொறியில் நிகழும் மாறுதலைக் காண்போம். நெய்வேலி நிலக்கரி நிறுவனம் 1956-ஆம் ஆண்டில் அமைந்தது. மறு ஆண்டில் சுரங்கம் வெட்டத் தொடங்கினர். நிலக்கரிப் படுகைக்குக் கீழே பேரழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைத்தாலொழிய அச்சுரங்கம் நிலையாது. அவ்வருஞ்செயலை நிறைவேற்றி, சோவியத் நாட்டின் துணையோடு கட்டிய முதல் அனல் மின் நிலையம் 1962-ஆம் ஆண்டில் மின்சாரம் தரலாயிற்று. ஒன்பது பொறிகள் சேர்ந்து 600 மெகாவாட்டு மின்சாரம் தந்தன. அந்நிலையத்துக்கு இரண்டு தலைமுறையினர் உழைத்தனர். அதன் சங்கொலியை வைத்தே வீடுகளில் நேரம் கணித்தனர். 2020-ஆம் ஆண்டில் அது முற்றும் ஓய்வுபெற்றது. அதற்கு ஈடாக எழுந்த புதிய நிலையத்தில் பொறிகள் இரண்டே. அவை தருவதோ 1000 மெகாவாட்டு. அந்நிறுவனமே இன்று தென் மாவட்டங்களிற் சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையங்களையும் நிறுவியுள்ளது. சூரியத் தகட்டுக்கு இரை வேண்டுவதில்லை. சாம்பல் அள்ளுவாரும் வேண்டுவதில்லை. தூசி துடைக்கவும் பழுது பார்க்கவும் சிலர் போதும்.

இதனால் விளங்குவது யாது? ஒரு பொறியின் ஆயுளும் ஒரு மனிதரின் உழைப்புக் காலமும் ஏறக்குறைய ஒன்றாயிருந்த காலம் போயிற்று. 1962-இல் வேலைக்கமர்ந்த இளைஞர் தம் பொறி ஓயுமுன் தாம் ஓய்வுபெற்றார். இன்று வேலைக்கமரும் இளைஞரின் கண்ணெதிரே இரண்டு மூன்று பொறிகள் பிறந்து இறந்துவிடும். ஒரே பொறியைக் கற்று அதனோடு வாழ்ந்து முடிப்பதென்பது இனி இயலாது.

கணினித் துறையில் இம்மாறுதல் இன்னும் விரைந்தது. முன்னர் ஒரு பாலத்தின் வரைபடம் எழுதப் பலர் பல வாரம் வளைந்திருந்து உழைத்தனர். பின்னர் அவ்வேலையைக் கணினி ஏற்றது. 2022-ஆம் ஆண்டின் இறுதியிற் சாட்ஜிபிடி என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவி வெளிவந்த பின், கணினிக்குரிய நிரலையும் கணினியே எழுதும் நிலை வந்துள்ளது. நம் மாணவர்களோ கலந்தாய்வில் முண்டியடித்துக் கொண்டு கணினிப் பாடத்தையே நாடுகின்றனர். கட்டடவியல், இயந்திரவியல் வகுப்புக்களின் பலகைகள் பல கல்லூரிகளில் வெறுமையாய்க் கிடக்கின்றன. பொறி எந்த வேலையை முதலில் எடுத்துக்கொள்ளத் தொடங்கியிருக்கின்றதோ, அந்த வேலையையே நாடி எல்லாரும் ஓடுவது விந்தையன்றோ!

இதில் மறைந்துள்ள வேறொரு கேட்டையும் நாம் எண்ணுதல் வேண்டும். கல்லூரியை விட்டு வெளியேறும் இளைஞருக்கு முதலிற் சிறு வேலைகளையே தருவர். அச்சிறு வேலைகளிற் பிழைத்தும் திருந்தியுமே அவர் பெரிய பொறியாளராவர். சிறு வேலை முழுவதையும் பொறி செய்துவிடுமாயின், நாளைய பெரிய பொறியாளர் எங்கிருந்து வருவார்? நாற்றங்காலை மூடிவிட்டு நடவுக்கு நாற்றுத் தேடுவார் செயலை ஒக்கும் இது. தொழிலதிபர்கள் இன்று மிச்சப்படும் கூலியை மட்டும் கணக்கிடுகின்றனரேயன்றி, இன்னும் இருபது ஆண்டு கழித்து நேரும் இழப்பைக் கணக்கிடுகின்றாரிலர்.

இனிச் சமூகத்தில் நிகழும் மாறுதலைக் காண்போம். கிண்டிப் பொறியியற் கல்லூரியின் மூலமாகிய நில அளவைப் பள்ளி 1794-ஆம் ஆண்டில் எட்டு மாணவரோடு தொடங்கிற்று. அதன்பின் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1940-ஆம் ஆண்டிலேதான் அங்கே பெண்கள் காலடி வைத்தனர். அவருள் ஒருவரான அ. லலிதா பதினெட்டாம் வயதிற் கணவனை இழந்தவர், கைக்குழந்தைக்குத் தாய். அந்நாளில் அத்தகைய பெண்ணுக்குச் சமூகம் ஒதுக்கிய இடம் வீட்டின் பின்கட்டே. அவரோ மின் பொறியியல் கற்றுப் பட்டம் பெற்றார். பட்டச் சான்றிதழில் ஆண்பாற் சொல்லே அச்சிடப்பட்டிருந்தமையால், அதனை அடித்துப் பெண்பாலாகத் திருத்தித் தர நேர்ந்ததாம். பிற்காலத்தில் பாக்ரா நங்கல் அணையின் மின்தொடர் வேலையிலும் அவர் பங்கு கொண்டார். 1964-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் நடந்த முதல் உலகப் பெண் பொறியாளர், விஞ்ஞானியர் மாநாட்டுக்கும் சென்றார். அவரோடு பயின்ற பி. கே. திரேசியா 1971-ஆம் ஆண்டிற் கேரள அரசின் தலைமைப் பொறியாளரானார்.

அன்று மூவர் நுழைந்த வாயில் பின்னர்ப் படிப்படியாய் அகன்றது. தமிழ்நாட்டிற் பொறியியற் படிப்புக்குரிய நுழைவுத் தேர்வு 2007-ஆம் ஆண்டு முதல் நீங்கிற்று. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பயில்வோருக்கு 2010-ஆம் ஆண்டு முதற் கல்விக் கட்டணச் சலுகை கிடைத்தது. அரசுப் பள்ளி மாணவர்க்கு நூற்றுக்கு ஏழரை இடம் 2021-ஆம் ஆண்டிற் பொறியியலிலும் ஒதுக்கப்பெற்றது. 2022-ஆம் ஆண்டில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம் அரசுப் பள்ளியிற் பயின்ற மாணவியர்க்கு மாதம் 1000 ரூபாய் உதவி வகுத்தது. சுரங்கத் தொழிலிலும் இவ்வாறே. 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் திறந்தவெளிச் சுரங்கத்திற் பெண்கள் இரவில் வேலை செய்வதைத் தடுத்திருந்தது. 2019-ஆம் ஆண்டில் மைய அரசு அத்தடையைச் சில காப்பு விதிகளோடு தளர்த்திற்று. நெய்வேலியைப் போன்ற சுரங்கத்தில் இரவு முறைக்கு ஒரு பெண் பொறியாளர் பொறுப்பேற்பதற்குச் சட்டத்தில் வழி பிறந்து இன்னும் பத்தாண்டு ஆகவில்லை என்பதை நாம் கருத்திற் கொள்ள வேண்டும்.

ஆக, ஒரு புறம் பொறி ஆளைக் குறைக்கின்றது. மறு புறம் இதுகாறும் வாராத ஆட்கள் வருகின்றனர். காட்டுமன்னார்கோயிற் பக்கத்து உழவர் மகளும், கிள்ளைப் பக்கத்து மீனவர் மகனும், விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளர் மகளும் பல தலைமுறை காத்திருந்து வாயிலை அடையும் இந்நேரத்திலேயே உள்ளே இடம் சுருங்குகின்றது. இதுவே நம் காலத்துப் பொறியியலின் உண்மையான இக்கட்டு. மற்றவையெல்லாம் இதற்குக் கிளைகளே.

இவ்விக்கட்டுக்கு என் சிற்றறிவுக்கு எட்டிய விடை இதுவே: புதிதாய் வரும் இம்மாணவர்கள் வெறுங்கையோடு வருகின்றாரல்லர், பொறியால் இயலாத ஒன்றைத் தம்மோடு கொண்டு வருகின்றனர். அஃது அவர் பிறந்த மண்ணைப் பற்றிய அறிவும், அம்மண்ணில் வாழ்வாரோடு பேசும் மொழியுமாம். இவ்விரண்டையும் கல்லூரி வாயிலிற் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருமாறு நாம் அவர்களைப் பழக்குகின்றோம். இப்பழக்கமே மாற வேண்டும்.

மண்ணறிவு பொறியியலுக்கு எவ்வளவு பயன்படும் என்பதற்குக் கொள்ளிடமே சான்று. காவிரியைக் காட்டிலும் கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. ஆதலால் தண்ணீர் கொள்ளிடத்தில் ஓடிக் கடலில் வீழ, தஞ்சை வயல்கள் வாடின. இதனை நீக்க ஆர்தர் காட்டன் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1836-ஆம் ஆண்டில் முக்கொம்பில் மேலணையையும் அணைக்கரையிற் கீழணையையும் அமைத்தார். கீழணையிலிருந்து வடவாறு வீராணம் ஏரியை நிரப்புகின்றது. வடக்கு ராஜன் வாய்க்கால் சிதம்பரம் வட்டாரத்து வயல்களுக்குப் பாய்கின்றது. ஆழங்காண இயலாத ஆற்று மணலில் அடித்தளம் நிற்பது எங்ஙனம்? அவ்வித்தையைத் தாம் இந்நாட்டாரிடமிருந்தே கற்றதாகக் காட்டன் பின்னாளில் எழுதினார். கல்லணையைக் கட்டியவர் பட்டம் பெற்றவரல்லர். அவரிடம் பாடங்கேட்க அப்பட்டாளத்துப் பொறியாளர் நாணவில்லை. கேட்டதனால் அவர் கட்டியது நிலைத்தது.

கேளாமையால் நேரும் தீங்குக்கும் நம் மாவட்டத்திலேயே சான்றுண்டு. 2023-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், நெய்வேலி இரண்டாம் சுரங்க விரிவுக்காகப் பரவனாற்றைத் திருப்பும் பொருட்டு, சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில் நின்ற நெற்பயிரின் நடுவே மண்வெட்டும் பொறிகள் இறங்கின. அந்நிலம் பல்லாண்டுகளுக்கு முன்னரே எடுக்கப்பட்டு ஈட்டுத்தொகையும் கொடுக்கப்பட்டது என்பது நிறுவனத்தின் வாதம். வாதம் சட்டத்துக்கு ஒத்ததாகவே இருக்கலாம். எனினும் அறுவடை வரை பொறுத்தலாகாதா என்று சென்னை உயர்நீதிமன்றமே வினவும்படி ஆயிற்று. நெல் கதிர்விடும் பருவம் எதுவென்பதை அப்பொறி அறியாது. அறிய வேண்டியவர் அதனை ஏவினவரே. வரைபடத்தில் அஃது ஒரு கால்வாய்க் கோடு. உழவனுக்கோ அது வாயிலிட்ட சோறு. இவ்விரண்டையும் ஒருங்கே காணும் கண் பொறியாளருக்கு இல்லையாயின், அவர் கற்ற கணிதம் முழுதும் சரியாயிருந்தும் பயனில்லை.

செவியையும் கண்ணையும் போலவே மூக்கும் ஒரு கருவிதான். கடலூர்ச் சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமத்தார், எந்நேரத்தில் எத்திசைக் காற்றில் என்ன நாற்றம் வந்தது என்று ஏட்டிற் குறித்து வைத்தனர். 2004-ஆம் ஆண்டில் வாளியில் அமைத்த ஓர் எளிய கருவியால் அக்காற்றைப் பிடித்து ஆய்வுச்சாலைக்கு அனுப்பினர். தம் மூக்கு உரைத்தது மெய்யே என்பதற்கு ஆய்வு சான்று தந்தது. அளவுகோல் இனிப் பொறியாளர் கையில் மட்டும் இராது. குடிமக்கள் கையிலும் இருக்கும் என்பதற்கு இஃது ஓர் அறிகுறி. இதனைச் சில பொறியாளர் தமக்கு இழுக்கென்று எண்ணுகின்றனர். தக்க பொறியாளரோ, சம்பளம் வாங்காத ஆயிரம் துணைவர் தமக்குக் கிடைத்தனர் என்று மகிழ்வர்.

“பொறுப்பைப் பற்றி அழகாய்ப் பேசுகின்றீர், வயிற்றுக்கு வழி சொல்லுக” என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் வேலை முழுவதும் ஒழிந்துவிடும் என்று அஞ்சுவோர், வேலை என்பதைப் புதிதாய்ப் பொறி படைப்பது ஒன்றே என்று எண்ணுகின்றனர். படைத்ததைக் காப்பதும், பழுது பார்ப்பதும், இடர் வந்துழி மீட்பதும் அதனினும் பெரிய வேலைகள். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் இக்கரையைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. ஊர்கள் பல நாள் இருளில் மூழ்கின. வெளியூர்களிலிருந்தும் வந்த மின்பணியாளர்கள் சேற்றில் நின்று கம்பம் நட்டுக் கம்பி இழுத்தே விளக்கேற்றினர். 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் உடைந்து வெள்ளத்தோடு போயின. 180 ஆண்டு நின்ற அணையும் காவலின்றி நில்லாது. ஏரி, வாய்க்கால், மதகு, கம்பம், பாலம், ஆலைக்குழாய் என்று காக்க வேண்டியவை நம் நாட்டில் எண்ணிலடங்கா. கடலும் வானும் நிலைமாறி வரும் இந்நாளில் அவை மேலும் பெருகும். இவ்வேலைக்கு ஆள் வேண்டும். அவ்வாளுக்குக் கூலியும் மதிப்பும் வேண்டும். காப்பவரை ஒப்பந்தக் கூலியாய்த் தாழ்த்தி, படைப்பவரை மட்டும் பொறியாளர் என்று போற்றும் வரையில் வேலையில்லாக் குறையும் நீங்காது, விபத்தும் நீங்காது.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். 2010-ஆம் ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழ் வழியிற் கற்பிக்கத் தொடங்கிற்று. 2023-ஆம் ஆண்டிற் சில உறுப்புக் கல்லூரிகளில் அவ்வகுப்புக்களை நிறுத்துவதாக அறிவிப்பு வெளிவந்து, பின்னர் அது திரும்பப் பெறப்பட்டது. தமிழ் வழியிற் பயின்றால் வேலை கிட்டாது என்னும் அச்சமே மாணவரைத் தடுக்கின்றது. ஆங்கிலம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அதுவும் நன்கு கற்க வேண்டும். ஆயின் கால்வாய் வெட்டப் போகும் ஊரில், அக்கால்வாய் ஏன், எங்கே, எப்போது என்பதை ஊராருக்கு விளங்கும்படி நல்ல தமிழிற் கூற மாட்டாதவர் பாதிப் பொறியாளரே. ஆங்கிலத்தில் எழுதியதைப் பொறி இன்று நொடியில் தமிழாக்கித் தரலாம்; கேட்பவர் முகம் வாடுவதைக் கண்டு பேச்சை நிறுத்தி, மீண்டும் முதலிலிருந்து தொடங்க அதற்குத் தெரியாது.

ஆதலின் நான் வேண்டுவன மூன்று. ஒன்று, பொறியியல் பயிலும் ஒவ்வொரு மாணவரும் ஒரு பருவ காலமேனும் மதகு காக்கும் லஸ்கரோடும், கம்பமேறும் மின்பணியாளரோடும், சுரங்கத்து ஒப்பந்தத் தொழிலாளரோடும் இருந்து வேலை செய்து, தாம் கண்டதைத் தமிழில் எழுதித் தருதல் வேண்டும். அதற்கு மதிப்பெண்ணும் வேண்டும். இரண்டு, ஒரு பொறி ஓயப்போகின்றதென்றால், ஓயுமுன்னரே அதனை நம்பியிருப்போர்க்கு அடுத்த தொழிலைக் கற்பித்தல் நிறுவனத்தின் கடமையாதல் வேண்டும். பொறியை மூடுவதற்குத் திட்டம் தீட்டுவோர் மனிதருக்கும் அதே தாளில் ஒரு பக்கம் ஒதுக்குக. மூன்று, பெருந்திட்டங்களின் விவரம் ஊரார் படித்தறியத்தக்க எளிய தமிழில் வருதல் வேண்டும். இம்மூன்றாவது வேலையில் தமிழ் மாணவராகிய நமக்கும் பங்குண்டு. பழஞ்செய்யுளுக்கு உரை காணும் நாம், உழவர் கையில் வந்து சேரும் அரசாணைக்கும் உரை காணலாம். அது நம் தமிழுக்குத் தாழ்வன்று.

மாணவ நண்பர்களே! நும் இல்லத்திற் பொறியியல் பயிலும் தம்பியோ தங்கையோ இருப்பின், எந்தப் பாடம் எடுத்தால் வேலை கிட்டும் என்று மட்டும் அவரிடம் பேசாதீர்கள். எவருடைய துயரைத் தீர்க்க அப்பாடம் உதவும் என்றும் ஒரு முறை கேளுங்கள். பொறிகள் மாறும், இன்னும் விரைந்து மாறும். அவை செய்த கணக்குக்கு விடை கூறப் பொறிக்கு வாயில்லை. ஊரார் முன் நின்று “இதற்கு நான் பொறுப்பு” என்று சொல்ல வல்லவரே நாளைய பொறியாளர். அத்தகையோர் நம் கடலூர்ச் சீமையின் குடிசைகளிலிருந்தும் குப்பங்களிலிருந்தும் இப்போதே புறப்பட்டு வருகின்றனர். அவர் வரும் வழியை அடைக்காதிருப்பதும், அவர் கொண்டு வருவதை மதிப்பதும் நம் கடமையாகும்.